அலுவலகக் கடிதச் சுமை: கேத்தியின் தபால் காலம் முதல் மின்னஞ்சல் வரை

ஓர் அலுவலகத்துக்கு வரும் கடிதங்கள் அங்குள்ளவர்கள் படித்து, முடிவெடுத்து, பதில் எழுதக்கூடிய அளவைக் கடந்துவிடும் நிலை அலுவலகக் கடிதச் சுமை எனப்படுகிறது. இன்று இது பெரும்பாலும் மின்னஞ்சல் சுமையையே குறிக்கிறது. ஆனால் இந்தச் சிக்கல் கணினிக்கு முன்பே இருந்தது. அதைச் சமாளிக்கும் முறைகளும் பழையவையே. நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையில் உள்ள கேத்திப் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றியுள்ள மலை ஊர்களும் இந்த வரலாற்றின் பல கட்டங்களைக் கண்டவை. சமவெளியிலிருந்து விலகி, மலைமேல் அமர்ந்து கடிதங்கள் வழியாக ஆட்சி நடத்த ஆங்கிலேயர் முயன்ற இடங்களில் நீலகிரியும் ஒன்று.

கேத்தி பங்களா

படுகர் ஊர்கள் நிறைந்த கேத்திப் பள்ளத்தாக்கில், சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830-ஐ ஒட்டி ஓர் அரசுப் பரிசோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. ஐரோப்பியப் பயிர்களையும் பழமரங்களையும் மலையில் வளர்த்துப் பார்ப்பது அதன் நோக்கம். பண்ணை 1836-ல் கைவிடப்பட்டது. பின்னர் 1837 முதல் 1842 வரை சென்னை ஆளுநராக இருந்த எல்பின்ஸ்டன் பிரபு அங்கிருந்த கட்டடத்தை எடுத்து, பெரும்பொருள் செலவில் மாளிகையாக்கினார். ஆளுநர் மலையில், அவரது ஆலோசனைக் குழுவும் அலுவலகங்களும் சென்னையில் என்ற நிலையில், இடையே இருந்த தொடர்பு தபால் மட்டுமே.

எல்பின்ஸ்டனுக்குப் பிறகு அந்தச் சொத்து சென்னை மாகாண அதிகாரி காசமேஜர் கைக்கு வந்தது. படுகர்களுக்காகப் பள்ளி நடத்திய அவர் 1849-ல் இறந்தார். அவரது ஆதரவால் பாசல் மிஷன் கேத்தியில் வேரூன்றியது.

கேத்தி தனி நிகழ்வு அன்று. 1834-ல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் பிரபு உதகமண்டலத்தில் தங்கியிருந்தார். அவரது குழுவில் சட்ட உறுப்பினராகப் பொறுப்பேற்க வந்த மெக்காலே, சென்னையில் கப்பலிலிருந்து இறங்கி, சுமார் 400 மைல் பயணம் செய்து உதகைக்கு வந்து அவரைச் சந்தித்தார். 1855-ல் டல்ஹௌசி பிரபு கோத்தகிரியில் தங்கி இந்தியாவின் அரசுக் கோப்புகளைப் பார்த்தார். இக்காலங்களில் எல்லாம் கடிதப் பைகள் மலையேறி வந்து, ஆணைகளாக மலையிறங்கின.

கம்பெனியின் காகிதக் குவியல்

மலைக்கு வந்து சேர்ந்த கடிதங்கள், கிழக்கிந்தியக் கம்பெனி உருவாக்கிய மிகப்பெரிய எழுத்து அமைப்பின் ஒரு சிறு பகுதி. கம்பெனி தன் இந்திய ஆட்சியை லண்டனிலிருந்து கடிதம் மூலமே நடத்தியது. நீராவிக் கப்பலுக்கு முன் ஒரு கடிதம் போய்ச்சேர ஐந்தாறு மாதம் ஆகும். கப்பல் மூழ்கினாலும் கடிதம் தவறாமலிருக்க, அதன் படிகள் வெவ்வேறு கப்பல்களில் அனுப்பப்பட்டன.

இந்தியாவில் எடுத்த ஒவ்வொரு முடிவையும் காரணத்தோடு எழுதி அனுப்பவேண்டும் என்பது கம்பெனியின் விதி. இதனால் காகிதம் பெருகியது. 1793 முதல் 1813 வரையிலான 21 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து லண்டன் வந்த பெரிய ஆவணத் தொகுதிகள் 9,094. அடுத்த 16 ஆண்டுகளில், 1829 வரை, வந்தவை 12,414. சராசரி ஆண்டுக்கு 433-லிருந்து 776 ஆக உயர்ந்தது. இவற்றைப் படித்துப் பதில் வரைவு எழுதுவதற்கென்றே லண்டனில் தனிப் பதவிகள் இருந்தன. தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை செய்த வேலை அதுதான்.

இந்தச் சுமையைத் தாங்கக் கம்பெனி சில வழக்கங்களை ஏற்படுத்தியது. ஒவ்வொரு துறைக்கும் தனிக் கடிதம் எழுதப்பட்டது. பத்திகளுக்கு எண் இடப்பட்டது. பதில் எழுதுபவர் எந்தப் பத்திக்குப் பதில் சொல்கிறார் என்பதை எண்ணால் குறித்தார். பக்க ஓரத்தில் அகலமான இடம் விட்டு, அதில் பத்தியின் சுருக்கம் எழுதப்பட்டது. முழுக் கடிதத்தையும் படிக்க நேரமில்லாதவர் ஓரச் சுருக்கத்தைப் படித்தே பொருளை அறியலாம். பத்தி எண், பொருள் குறிப்பு, இணைப்புகளின் பட்டியல் ஆகிய மூன்றும் இன்றும் தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களில் தொடர்கின்றன.

தபால், ரயில், தந்தி

தென்னிந்தியாவில் அஞ்சலைக் குறிக்க வழங்கிய சொல் தபால். ஆங்கிலேயர்களும் சென்னை மாகாணத்தில் அதே சொல்லைப் பயன்படுத்தினர். தபால் ஓட்டக்காரர்கள் குறிப்பிட்ட தூரம் ஓடி அடுத்தவரிடம் பையைக் கைமாற்றினர். 1854-ல் வந்த அஞ்சல் சட்டம் தூரத்தைக் கணக்கிடாமல் எடைக்கு மட்டும் கட்டணம் என்ற முறையைக் கொண்டுவந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் அரையணாவில் கடிதம் போயிற்று. கடிதம் எழுதும் செலவு குறைந்ததும் கடிதங்கள் கூடின.

1873-ல் ரயில் மேட்டுப்பாளையம் வரை வந்தது. 1899-ல் மலை ரயில் குன்னூரை எட்டியது. 1908-ல் அது கேத்தி வழியாக உதகமண்டலம் வரை நீண்டது. நாட்கணக்கு மணிக்கணக்காகியது. தேயிலை, காபித் தோட்டங்களின் நிர்வாகிகள் நாள்தோறும் ஆளனுப்பித் தபால் பையை வரவழைத்தனர். பை வரும் நேரமே தோட்ட அலுவலகத்தில் கடிதம் படிக்கும் நேரம். மறுநாள் பை புறப்படும் வரை பதில் எழுத அவகாசம் இருந்தது. நாளுக்கு ஒருமுறை என்ற அந்த இடைவெளியை யாரும் திட்டமிட்டு ஏற்படுத்தவில்லை. பாதையும் தூரமும் அதைத் தந்தன.

தந்தி வேறொரு ஒழுங்கைக் கற்றுத் தந்தது. சொல்லுக்குக் காசு என்பதால் சொற்கள் சுருங்கின. அவசரத் தந்திக்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கவேண்டியிருந்தது. எனவே உண்மையில் அவசரமானதை மட்டுமே மக்கள் அவசரம் என்று அனுப்பினர். இந்தியத் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்படும் வரை, 'தந்தி வந்தது' என்பது தமிழ் வீடுகளில் திடுக்கிடவைக்கும் செய்தியாகவே இருந்தது.

மலையேறிய செயலகம்

1870 முதல் சென்னை அரசு கோடையில் உதகமண்டலத்துக்கு இடம்பெயர்வது ஆண்டு வழக்கமானது. ஆளுநரும் உறுப்பினர்களும் மட்டுமின்றி, செயலர்களும் எழுத்தர்களும் கோப்புப் பெட்டிகளும் மலையேறின. ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா வளாகத்தில் செயலக அலுவலகங்கள் இயங்கின. இந்த இடப்பெயர்ச்சியின் செலவையும், மக்களுக்கு எட்டாத உயரத்தில் அரசு அமர்வதையும் சென்னைப் பத்திரிகைகள் தொடர்ந்து கண்டித்தன.

நிர்வாக நோக்கில் இது ஒரு கடிதச் சிக்கல். ஒரு பொருள் பற்றிய பழைய காகிதங்கள் சென்னையில் இருக்க, புதிய கடிதம் உதகைக்கு வரும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்பது எழுதிவைக்கப்படாவிட்டால் வேலை நின்றுவிடும். நீலகிரியே 1868-ல் ஆணையரின் கீழ்த் தனி மாவட்டமாகி, 1882-ல் ஆட்சியரின் கீழ் வந்தது. ஆட்சியர் கச்சேரிக்கு நிலம், காடு, தோட்டம், சாலை பற்றிய மனுக்கள் குவிந்தன. பட்டாவுக்காக மனு கொடுத்த ஒரு மலை விவசாயிக்கு, அவரது காகிதம் எந்த மேசையில் கிடக்கிறது என்பது வாழ்க்கைக் கேள்வி.

டாட்டன்ஹாம் முறை

இக்கேள்விக்குச் சென்னை மாகாணம் கண்ட விடை டாட்டன்ஹாம் முறை. மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி ரிச்சர்ட் டாட்டன்ஹாம் வகுத்ததால் இப்பெயர் பெற்றது. இவர் பின்னாளில் டெல்லியில் உள்துறையில் பணியாற்றினார். 1940களின் நடுவில் மத்தியச் செயலகத்தைச் சீரமைப்பது குறித்தும் அறிக்கை அளித்தார். மாவட்ட அலுவலக நடைமுறை நூலில் இடம்பெற்ற இவரது முறையின் அடிப்படை தமிழ்நாடு, ஆந்திரம், கேரள அலுவலகங்களில் இன்றும் உள்ளது.

இம்முறையில் தபால் பின்வருமாறு நகர்கிறது.

1. வந்த தபால் அன்றே பிரிக்கப்பட்டு, தேதி முத்திரை இடப்படுகிறது. முக்கியமானவற்றை அதிகாரி முதலில் பார்க்கிறார்.

2. பகிர்மானப் பதிவேட்டில் பதிந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் நடப்பு எண் தரப்படுகிறது. ந.க. எண் என்று அரசுக் கடிதங்களின் தலைப்பில் காணப்படுவது இதுவே. எண்ணுடன் எழுத்தரின் இருக்கைக் குறியும் ஆண்டும் சேர்கின்றன. எனவே எண்ணைப் பார்த்தாலே பொறுப்பாளர் யார் எனத் தெரியும்.

3. எழுத்தர் அதைத் தமது தன்பதிவேட்டில் எழுதுகிறார். கடிதம் வந்த நாள், அனுப்பியவர், பொருள், எடுத்த நடவடிக்கை, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறது, எப்படி முடிந்தது என்பவை அதில் பதியப்படும். ஏற்கெனவே உள்ள பொருள் பற்றிய கடிதமானால் அது பழைய கோப்போடு சேரும்.

4. பதில் வரவேண்டியவற்றுக்கு நினைவூட்டும் தேதி குறிக்கப்படுகிறது. பல மாதங்களுக்கு நடவடிக்கை தேவைப்படாதவை தனி ஏட்டுக்கு மாற்றப்பட்டு, உரிய நாளில் மீண்டும் எடுக்கப்படுகின்றன. மாதந்தோறும், ஆண்டுதோறும் அனுப்பவேண்டிய அறிக்கைகளுக்குக் காலமுறைப் பதிவேடு உண்டு.

5. வேலை முடிந்ததும் கோப்பு முடிவு செய்யப்படுகிறது. எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது அப்போதே தீர்மானிக்கப்படும். சில நிரந்தரமாகக் காக்கப்படும். மற்றவை பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு என்று வகை பிரிக்கப்பட்டுப் பின்னர் அழிக்கப்படும்.

6. மேலதிகாரி தன்பதிவேட்டைக் குறிப்பிட்ட இடைவெளியில் தணிக்கை செய்கிறார். நிலுவைப் பட்டியல் மாதந்தோறும் தயாராகிறது.

இதில் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு முடிவும் உண்டு. முடிவில்லாமல் கிடக்கும் காகிதம் நிலுவைப் பட்டியலில் வெளிப்பட்டுவிடும். முறையின் குறைகளும் தெரிந்தவையே. பதிவேடு எழுதுவதே பெரிய வேலையாகியது. கோப்பைத் தம் மேசையிலிருந்து அகற்றுவதற்காக மட்டும் தேவையற்ற விளக்கம் கேட்டு வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பும் வழக்கமும் உருவானது. பதிவேட்டில் நடவடிக்கை எடுத்ததாகத் தெரியும், மனுதாரருக்கு ஒன்றும் நடந்திருக்காது.

கடித வகைகளும் மரியாதையும்

அரசு அலுவலகத்தில் யாருக்கு, எதற்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். மேலதிகாரிக்கும் பொதுமக்களுக்கும் கடிதம், கீழ்நிலை அலுவலருக்குக் குறிப்பாணை, தனிக் கவனம் தேவைப்படும்போது பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதம், முடிவை அறிவிக்கச் செயல்முறை ஆணை என வகைகள் உண்டு. வடிவத்தைப் பார்த்ததுமே பெறுபவருக்குத் தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது புரிந்துவிடும். நேர்முகக் கடிதத்தை அடிக்கடி எழுதினால் அதன் வலு போய்விடும் என்பதால் அது அளவோடு பயன்படுத்தப்பட்டது.

1956-ல் தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் இவ்வடிவங்கள் தமிழாயின. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு, நகல் ஆகிய சொற்கள் பள்ளிப் பாடத்திலேயே இடம்பெற்றன. ஐயா அல்லது அம்மையீர் என்ற விளி, தாங்கள் என்ற மரியாதை முன்னிலை, தங்கள் உண்மையுள்ள என்ற முடிப்பு ஆகியவை நிலைபெற்றன.

நகல் பெறுபவரின் பெயரோடு 'தகவலுக்காக' அல்லது 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதும் வழக்கம் இவற்றில் குறிப்பிடத்தக்கது. ஒரே கடிதம் ஐந்து பேருக்குப் போனாலும் வேலை செய்யவேண்டியவர் யார் என்பதில் ஐயம் வராது. தட்டச்சில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்த காலத்தில், ஐந்தாறு படிகளுக்கு மேல் எழுத்து மங்கிவிடும். நகல் பெறுவோர் எண்ணிக்கைக்கு அதுவே வரம்பு.

மின்னஞ்சலின் வருகை

1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் நிரலை எழுதினார். பயனர் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க 'அட்' குறியைப் பயன்படுத்தியவர் அவரே. 1978-ல், மும்பையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் சிவா அய்யாதுரை, நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அலுவலகக் குறிப்பு முறையைக் கணினியில் அமைத்து, அதற்கு 'இ-மெயில்' என்று பெயரிட்டார். 1982-ல் அந்நிரலுக்குப் பதிப்புரிமை பெற்றார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தாமே என்னும் அவரது கூற்றைக் கணினி வரலாற்றாளர்கள் ஏற்கவில்லை. எனினும் மின்னஞ்சலின் தலைப்புப் பகுதி அலுவலகக் குறிப்பின் வடிவத்திலிருந்தே வந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், நகல், இணைப்பு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. சி.சி. என்பது கார்பன் நகலின் சுருக்கமே.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 2000-ல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. தமிழ் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று பொருந்தாத தொடக்க ஆண்டுகளில் அலுவலக மின்னஞ்சல் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. யூனிகோடு பரவிய பிறகே தமிழில் எழுதுவது எளிதானது.

சுமை

வடிவம் அலுவலகக் குறிப்பிலிருந்து வந்தாலும், அதைச் சுற்றியிருந்த பதிவேடுகள் மின்னஞ்சலோடு வரவில்லை. பகிர்மானப் பதிவேடு இல்லை, தன்பதிவேடு இல்லை, முடிவு வகை இல்லை. நகலுக்குத் தாளும் வேண்டாம், தபால்தலையும் வேண்டாம். அனுப்புபவருக்குச் செலவே இல்லாத கடிதம் பெறுபவரின் நேரத்தைச் செலவழித்தது.

1982-லேயே கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் மின்னணுக் குப்பை பற்றி எச்சரித்தார். 1996-ல் ஸ்டீவ் விட்டேக்கரும் கேண்டஸ் சிட்னரும் வெளியிட்ட ஆய்வு 'மின்னஞ்சல் சுமை' என்ற சொல்லைப் பரப்பியது. கடிதம் பெறும் இடமாக அமைக்கப்பட்ட பெட்டியை மக்கள் வேலைப் பட்டியலாகவும் ஆவணக் காப்பறையாகவும் சேர்த்துப் பயன்படுத்துகின்றனர் என்பது அவர்களின் கண்டறிதல். டாட்டன்ஹாம் முறை இவற்றைத்தான் தனித்தனி ஏடுகளாகப் பிரித்து வைத்திருந்தது.

எல்லோருக்கும் பதில் அனுப்பும் பொத்தான் இன்னொரு சிக்கலை உருவாக்கியது. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை அஞ்சல் தவறுதலாகச் சுமார் 8,40,000 கணக்குகளுக்குப் போனது. தம் பெயரை நீக்கும்படி பலர் எல்லோருக்கும் பதில் அனுப்பியதால் சேவையே திணறியது.

சுமையின் விளைவு அளக்கப்பட்டும் உள்ளது. 2012-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க்கும் உடன் ஆய்வாளர்களும் 13 அலுவலர்களை ஐந்து நாள் மின்னஞ்சல் இல்லாமல் வேலை செய்யவைத்தனர். அவர்களின் மன அழுத்தம் குறைந்தது, ஒரே வேலையில் நீடிக்கும் நேரம் கூடியது. 2015-ல் குஷ்லேவ், டன் ஆகியோர் கனடாவில் 124 பேரிடம் நடத்திய ஆய்வில், நாளுக்கு மூன்று முறை மட்டும் மின்னஞ்சல் பார்த்த வாரத்தில் அழுத்தம் குறைவாக இருந்தது. தோட்ட அலுவலகத்துக்கு நாளுக்கு ஒருமுறை பை வந்த காலத்தின் இடைவெளியை இன்று ஒருவர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

நெறிமுறைகள்

1995 அக்டோபரில் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் இணைய மரியாதைக்கான தொடக்ககால வழிகாட்டி. அதிலும் பின்னர் வந்த அலுவலக வழிகாட்டிகளிலும் காணப்படும் விதிகள் பலவற்றுக்குக் கச்சேரி நடைமுறையில் முன்னோடி உண்டு.

பொருள்: பொருள் வரி கடிதத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லவேண்டும். 'முக்கியம்' அல்லது 'தகவல்' என்று மட்டும் எழுதுவது பயன்படாது. 'கேத்தி குடிநீர்க் குழாய் சீரமைப்பு: 12-ஆம் தேதிக்குள் மதிப்பீடு தேவை' என்பது போல் எழுதினால் கடிதத்தைத் திறக்காமலே வரிசைப்படுத்தலாம். கம்பெனிக் காலத்து ஓரச் சுருக்கத்தின் வேலை இதுவே.

ஒரு கடிதம், ஒரு பொருள்: இரண்டு பொருள்களை ஒரே அஞ்சலில் எழுதினால் ஒன்றுக்கே பதில் வரும். கேள்விகள் பல இருந்தால் பத்திக்கு எண் இடுவது நல்லது.

பெறுநரும் நகலும்: வேலை செய்யவேண்டியவர் பெறுநர் இடத்திலும், தெரிந்துகொள்ள மட்டும் வேண்டியவர் நகல் இடத்திலும் வரவேண்டும். யார் எதைச் செய்யவேண்டும் என்பதை உள்ளே பெயர் சொல்லி எழுதலாம். மறைநகலான பி.சி.சி. பலரின் முகவரியை ஒருவருக்கொருவர் தெரியாமல் காக்க உதவுவது. உடன் பணிபுரிபவர் அறியாமல் மேலதிகாரிக்கு ஒற்றுச் சொல்ல அதைப் பயன்படுத்துவது நம்பிக்கையைக் கெடுக்கும்.

விளியும் முடிப்பும்: தமிழில் 'வணக்கம்' அல்லது 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்குவது வழக்கம். அறிமுகமில்லாதவரைப் பெயர் மட்டும் சொல்லி விளிப்பது ஆங்கிலத்தில் இயல்பாகத் தோன்றலாம், தமிழில் அது கடுமையாக ஒலிக்கும். முடிவில் பெயர், பதவி, தொலைபேசி எண் இருக்கவேண்டும்.

பதில்: முழுப் பதில் தர நாளாகும் என்றால், கடிதம் கிடைத்தது, இன்ன நாளில் பதில் வரும் என்று ஒரு வரி எழுதலாம். நடப்பு எண் குறித்துக் கொடுக்கும் ஒப்புகை மனுதாரருக்குத் தந்த நிம்மதியை இந்த ஒரு வரி தருகிறது.

முடிவு: ஒரு கடிதத்தைத் திறந்தால் அப்போதே அதன் கதியைத் தீர்மானிக்கலாம். உடனே முடிக்கக்கூடியதை முடிப்பது, மற்றவருடையதை அவருக்கு அனுப்புவது, பின்னர் செய்யவேண்டியதைத் தேதியிட்டு வேலைப் பட்டியலில் எழுதுவது, காக்கவேண்டியதைக் காப்பகத்துக்கு மாற்றுவது, மற்றதை அழிப்பது என ஐந்து வழிகள் உள்ளன. குறிப்பிட்ட நாளில் அஞ்சலை மீண்டும் முன்னே கொண்டுவரும் ஸ்னூஸ் வசதியும் நாட்காட்டி நினைவூட்டலும் பழைய ஏடுகளின் மின்வடிவங்களே. 2007-ஐ ஒட்டி மெர்லின் மான் பரப்பிய 'இன்பாக்ஸ் ஜீரோ' முறையும் ஏறத்தாழ இதையே கூறுகிறது.

அவசரமும் ஊடகமும்

எல்லாச் செய்தியும் மின்னஞ்சலுக்கு உரியதன்று. 2009 நவம்பர் 10 அன்று முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. நீலகிரியில் தொடர் நிலச்சரிவுகள் ஏற்பட்டு, 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாலைகளும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. இத்தகைய வேளையில் எச்சரிக்கை நூறு அஞ்சல்களுக்கு நடுவே ஓர் அஞ்சலாக இருக்கக்கூடாது. தொலைபேசி, கம்பியில்லாத் தந்தி, ஆளனுப்புதல் ஆகியவையே அவசரத்துக்கு உரியவை. பின்னர் பதிவுக்காக அஞ்சலில் உறுதிசெய்யலாம்.

அவசரம் என்னும் குறியீட்டைக் கண்டபடி பயன்படுத்துவதன் தீங்கும் இதோடு தொடர்புடையது. கோப்பின்மேல் 'உடனடி', 'அவசரம்' சீட்டுகளைத் தேவையின்றிக் கட்டக்கூடாது என்று அலுவலக நடைமுறை நூல்கள் முன்பே எச்சரித்தன. எல்லாக் கோப்பிலும் சிவப்புச் சீட்டு தொங்கினால் எதையும் முதலில் எடுக்க முடியாது.

வேலை நேரத்துக்கு அப்பால்

தபால் பை காலத்தில் அலுவலகம் மூடினால் கடிதமும் நின்றது. கைபேசியில் மின்னஞ்சல் வந்தபின் அந்த எல்லை அழிந்தது. 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பிரெஞ்சுச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியரோடு பேசவேண்டும் என்கிறது. இந்தியாவில் இதே நோக்கில் சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றை முன்வைத்தார். அது சட்டமாகவில்லை. இரவில் எழுதிய அஞ்சலைக் காலையில் போய்ச்சேரும்படி நேரம் குறித்து அனுப்புவது சட்டம் இல்லாமலே செய்யக்கூடிய மரியாதை.

இன்று

கேத்தி இன்று ஒரு பேரூராட்சி. மலை ரயில் நிலையம், பள்ளிகள், பொறியியல் கல்லூரி, எல்லநள்ளியில் ஊசித் தொழிற்சாலை ஆகியவை இப்பகுதியில் உள்ளன. இங்குள்ள அலுவலகங்களிலும் கடிதங்கள் மின்வழியில் வந்துபோகின்றன. தமிழ்நாடு அரசும் 2020களில் மின் அலுவலக முறையை விரிவுபடுத்தி வருகிறது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் எண் உண்டு, எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பது பதிவாகிறது. தன்பதிவேட்டின் பணியைக் கணினி ஏற்றிருக்கிறது. ஆனால் அதே அலுவலர்களின் மின்னஞ்சல் பெட்டிகளும் கைபேசிக் குழுக்களும் இந்தப் பதிவுக்கு வெளியே நிற்கின்றன. எண்ணில்லாத, பொறுப்பாளர் குறிக்கப்படாத செய்திகள் அங்கேதான் தேங்குகின்றன.

மலைப்பகுதியில் ஒரு கட்டட அனுமதிக்கோ நிலப் பயன்பாட்டுக்கோ விண்ணப்பிப்பவர் பல துறைகளின் கருத்துக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது. ஒரு துறையின் பெட்டியில் ஓர் அஞ்சல் திறக்கப்படாமல் கிடந்தால் முழு விண்ணப்பமும் நிற்கும். கப்பலும் ஓட்டக்காரரும் ரயிலும் கடந்த தூரத்தை மின்னஞ்சல் நொடியில் கடக்கிறது. அஞ்சல் வந்துசேர்ந்த பின் அதை யார் எடுத்து, எந்த நாளில் முடிப்பார் என்பதை அலுவலகம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும்.